ஐம்பது, முப்பது, இருபது: இதில் மொய் எங்கே?

சம்பளம் கைக்கு வந்ததும் மூன்றாகப் பிரித்துவிடுங்கள். பாதி அவசியத்துக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு. அப்புறம் பணக் கவலையே இருக்காது. வருஷக்கணக்காக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யூடியூபைத் திறந்தால் இது, பத்திரிகைகளின் நிதி ஆலோசனைப் பக்கத்தைப் புரட்டினால் இது. சமீபத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் ஒன்றிலும் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே சொன்னார். எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். "கணக்குப் பார்த்துச் செலவு பண்ணப் பழகுங்கம்மா" என்று பேச்சை முடித்தார். கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்பதையாவது அவர் சொல்லியிருக்கலாம். 2005இல் அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமீலியா வாரன் தியாகியும் சேர்ந்து எழுதிய புத்தகம் ஒன்றின் மூலம் பரவியது இது. வாரன் அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர். செனட்டர் ஆனதெல்லாம் பிறகு. மஞ்சள் கடுதாசி கொடுத்த குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தாயும் மகளும் 2003இல் எழுதிய முந்தைய புத்தகத்தில் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னார்கள்: அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டல் சாப்பாட்டிலும் துணிமணியிலும் காசைக் கரைத்து நொடித்துப்போகவில்லை, வீட்டுக் கடன், மருத்துவக் காப்பீடு மாதிரி மாதாமாதம் தப்பிக்க முடியாத செலவுகள்தான் அவர்களை முறித்தன. நம் பேச்சாளர்கள் அந்த அம்மாவின் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அவர் கண்டுபிடித்ததை விட்டுவிட்டார்கள். ஊதாரித்தனம் காரணமில்லை என்று சொன்னவரின் சூத்திரத்தை வைத்துக்கொண்டே, நீ ஊதாரி என்று இங்கே ஏழைகளிடம் சொல்கிறார்கள்.

அவசியச் செலவு பாதியைத் தாண்டினால் வீட்டையோ காரையோ சின்னதாக்கிக்கொள் என்பது அங்கே அர்த்தமுள்ள யோசனை. ஆவடியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நான்கு பேர் இருக்கும் குடும்பம் எதைச் சின்னதாக்கும்? மாதம் 18,000 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். பாதி 9,000. வாடகையும் கரண்டும் தண்ணீரும் 6,000 என்று குறைத்தே போடுவோம். மிச்சம் 3,000. அரை லிட்டர் பால் தினம் வாங்கினால் மாதம் 600, கேஸ் சிலிண்டர் 800க்கு மேல். மளிகை, காய்கறி, பஸ், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,600கூட மிஞ்சாது. அதே சூத்திரப்படி ஆசைக்கு 5,400 ரூபாய் ஒதுக்க வேண்டும்! ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கிற வீட்டில் இப்படி ஒரு தாளை நீட்டுவதற்கு எந்த மனசு வரும்?

வருமானம் குறையக் குறையச் சாப்பாட்டுக்குப் போகிற பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே காட்டிவிட்டார். 2022-23இல் ஒன்றிய அரசு எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும் அதையே சொல்கிறது: கிராமத்தில் நூறு ரூபாய் செலவில் ஏறக்குறைய 46 ரூபாய் சாப்பாட்டுக்கு, நகரத்தில் 39. இது சராசரி. சராசரிக்குக் கீழே இருப்பவர்கள் எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

டீயை நிறுத்தினால் பணம் சேரும் என்ற யோசனைக்கு ஒரு வரி போதும்: காலையிலிருந்து கலவை சுமக்கிறவருக்கு அந்த டீயும் வடையும்தான் காலைச் சாப்பாடு.

மாதச் சம்பளம் என்ற நினைப்பையும் அப்படியே கடந்து போகலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை கூலி. சித்தாள் வேலைக்கு அன்றன்றைக்குக் கூலி, மழை பெய்தால் அதுவும் இல்லை. எதைப் பாதியாக்குவது?

நான் முக்கியமாகக் கேட்க வந்தது வேறு. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "சார், மொய் செய்யறது எதுல வரும்?" என்று கேட்டார். "கல்யாணம் காட்சியெல்லாம் ஆசைச் செலவும்மா, குறைச்சுக்கணும்" என்றார் அவர். மொத்தச் சூத்திரமும் அந்த ஒரு பதிலிலேயே உடைந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

மொய் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பந்தல் வாசலில் மேசை போட்டு ஒருவர் பணம் வாங்க, பக்கத்தில் ஒருவர் ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போவார். விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவில் பட்டா, பத்திரத்தோடு போய் உட்காரும். நாலு வருஷம் கழித்துப் பத்திரிகை வந்தால் வீட்டுக்காரம்மா முதலில் எடுப்பது அதைத்தான். நம் பிள்ளைக்குக் காது குத்தியபோது அவர்கள் ஐநூறு செய்திருந்தால், இப்போது ஐநூறுக்குக் குறையக்கூடாது; மேலே இருநூறோ ஐநூறோ சேர்த்துச் செய்வதுதான் மரியாதை. இதில் முதல் ஐநூறு கடன் அடைப்பு. மேலே வைத்தது, நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரப்போகிற சேமிப்பு. போய் நின்று பந்தியில் சாப்பிட்டு வருவது வேண்டுமானால் ஆசை. ஒரே கவரில் மூன்றும் இருக்கிறது. எந்தச் சதவீதத்தில் எழுதுவார் அந்தப் பேச்சாளர்?

புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. மொய் வாங்குவதற்காகவே கிடாக்கறி விருந்து. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, பலர் சேர்ந்தும் நடத்துவார்கள். வந்த பணத்தில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், ஒருவர் கடனை அடைப்பார், ஒருவர் கடை வைப்பார். அதற்கப்புறம் செய்தவர்கள் விருந்து வைக்கும்போதெல்லாம் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது, சிபில் மதிப்பெண் கேட்பாரில்லை. திருப்பவில்லையென்றால் ஊரில் தலைகாட்ட முடியாது, அதுதான் ஜாமீன். வங்கி வாசலில் காத்துக் கிடந்து கிடைக்காத முதலை ஒரே பகல் பந்தியில் திரட்டித் தருகிற ஏற்பாடு இது. இதை வீண் செலவு என்று எழுதுகிற பட்ஜெட் தாள் யாருடைய வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது?

மொய்யில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு, தெரியும். ஆனால் மொய்யை வெட்டிய வீட்டுக்கு ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? போக்குவரத்து இல்லாத வீட்டில் போய் யாரும் கைமாற்று கேட்க முடியாது.

சேமிப்பு என்று அவர்கள் சொல்வதும் வங்கியில் போட்டது மட்டும்தான். அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் போட்டு வைத்த சிறுவாட்டுப் பணம் அவர்கள் கணக்கில் சேமிப்பு இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றானபோது, புருஷனுக்கும் தெரியாமல் சேர்த்த நோட்டுகளைப் புருஷன் கையிலேயே கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டி வந்தது. கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள் சேர்த்த பணமா அது? ஏலச்சீட்டு கட்டுகிற பெண்ணிடம் இந்த மாதம் தள்ளு எவ்வளவு போனது, கசர் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்கணக்காகவே சொல்வார்.

கடைசியாகக் கடன். அந்தப் பேச்சில் அது வரவே இல்லை. அதே 18,000 ரூபாய் வீட்டில் மூணு வட்டிக்கு வாங்கிய 50,000 இருந்தால் மாதம் 1,500 வட்டிக்கே போய்விடும். மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த வீட்டிடம் போய் இருபது சதவீதத்தை, அதாவது 3,600 ரூபாயை, தபால் நிலையத்தில் 6.7 சதவீதத்துக்கு ஆர்.டி. போடச் சொல்கிறார்கள். ஆர்.டி.யில் அந்தப் பணத்துக்கு முதல் மாதம் கிடைப்பது சுமார் 20 ரூபாய். அதையே கடனின் அசலில் கட்டினால் மாதம் 108 ரூபாய் வட்டி குறையும். அந்தக் குடும்பத்துக்கு அதைவிட நல்ல சேமிப்பு தபால் நிலையத்திலும் இல்லை, மியூச்சுவல் ஃபண்டிலும் இல்லை.

மைக் கிடைத்தால் நான் சதவீதமே சொல்ல மாட்டேன். கூலி கைக்கு வந்த அன்றைக்கே, செலவு தொடங்குவதற்கு முன்னால், வட்டி அதிகமுள்ள கடனின் அசலுக்குக் கொஞ்சம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் கேட்கப்போகிற பணத்துக்குக் கொஞ்சம், மொய் நோட்டில் திருப்ப வேண்டியதற்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்பேன். எவ்வளவு என்று அந்த வீட்டுப் பெண்தான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும்.