பதிலுக்குத் திட்டுவது பக்தி இல்லை

நம்ம சாமியைக் கேவலமா பேசுற வீடியோ வந்தா உடனே எல்லா குரூப்லயும் அனுப்புறோம். பதிலுக்கு அவங்க மதத்தையும் இழுத்துத் திட்டுறோம். இது தேவையா?

2009 ஆகஸ்ட் 28 ஞாபகம் இருக்கா? ஷா ஆலம் செக்‌ஷன் 23-க்கு மாரியம்மன் ஆலயம் வரக்கூடாதுன்னு மாட்டுத் தலையோடு மாநிலச் செயலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். நாம் பதிலுக்கு எந்தப் பள்ளிவாசல் முன்னாலும் போய் நிற்கவில்லை. போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். 12 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

அப்பர் பெருமானைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், விஷம் கொடுத்தார்கள், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். அவர் பயப்படவும் இல்லை, பழி வாங்கவும் இல்லை. முடிவில் அந்த மன்னனே சைவத்துக்கு வந்தான்.

அதுக்காக வாயை மூடிட்டு இருக்கச் சொல்லலை. லிங்க், தேதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. ரிப்போர்ட் பண்ணுங்க. தண்டனைச் சட்டம் 298 இதுக்குத்தான் இருக்கு. ஆனா வீடியோவைப் பரப்பாதீங்க. பேசினது ஒருத்தன், அவன் இனத்தையே திட்டாதீங்க.

பிள்ளைகளை வெள்ளிக்கிழமை ஆலயத்துக்குக் கூட்டிட்டு வாங்க. தேவாரம் தெரிஞ்ச பிள்ளையை எந்த வீடியோவும் அசைக்காது.

ஓம் நமசிவாய.