கடைசி இடம் யாருக்கு?

ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தெருவே திரண்டு வருகிறது. சர்க்கரை வழங்குகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், "இனி உனக்கென்னப்பா குறை!" என்று தந்தையின் தோளைத் தட்டுகிறார்கள். தந்தை சிரிக்கிறார். தாய் ஆனந்தத்தால் கண் கலங்குகிறாள். பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளை ரயில் ஏறுகிறான்.

ஆறு திங்கள் கழித்து அந்தப் பிள்ளை சிரிக்கிறானா? இதுதான் தோழர்களே, நாம் கேட்க விரும்பும் கேள்வி.

ஏன் கேட்கிறோம்? 2018 முதல் 2023 வரையிலான ஆண்டுகளில் ஐ.ஐ.டி.களில் மட்டும் 33 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர் என்று ஒன்றிய அரசே 2023 மார்ச்சில் மாநிலங்களவையில் கூறியது. கலவரத்தில் அல்ல, கொள்ளை நோயில் அல்ல! நாட்டின் தலைசிறந்த கல்விக்கூடங்கள் என்று புகழப்படும் இடங்களில், நாட்டின் தலைசிறந்த பிள்ளைகள்!

"மனத்திடம் இல்லாத பிள்ளைகள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள் சிலர். அப்படியா? 2024-ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். முதற்கட்ட நுழைவுத் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதிலே வடிகட்டி அடுத்த தேர்வுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருந்த இடங்களோ 17,740! இந்த நெருப்பாற்றை நீந்திக் கரையேறியவனா திடமற்றவன்?

குறை பிள்ளையின் நெஞ்சில் இல்லை. அவனை அளக்கிற கோலில் இருக்கிறது. பள்ளியிலே முதல்வன், ஊரிலே முதல்வன் என்று பேரெடுத்தவர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்டுகிறார்கள். கூட்டியபின் என்ன செய்கிறார்கள்? பல பாடங்களில், நீ எவ்வளவு கற்றாய் என்று பார்ப்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரனைவிட எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். முதல்வர்களையே மறுபடியும் வரிசையில் நிறுத்தினால், யாராவது ஒருவன் கடைசியில் நின்றுதானே தீரவேண்டும்!

நம் வீட்டுத் தாய்மார்கள் அரிசி சலிக்கிறார்கள். நொய் கீழே விழுகிறது, மணி மேலே நிற்கிறது. அத்தோடு சல்லடையை மாட்டி வைத்துவிட்டு உலை ஏற்றுகிறார்கள். சலித்த அரிசியையே மறுபடியும், கண் பெரிதான சல்லடையிலே போட்டுச் சலித்தால்? நல்ல மணியும் கீழேதான் விழும். விழுந்ததை நொய் என்று தூற்றினால், குற்றம் அரிசியுடையதா, சலித்த கையுடையதா?

இன்னொன்றும் கேட்கிறோம். அப்படி விழுகிறவர்கள் யார்? 2015-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி., முதலாண்டு முடித்த 73 மாணவர்களைச் சராசரிப் புள்ளி 5-ஐ எட்டவில்லை என்று வெளியேற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே மறுவாய்ப்பு தந்தது. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகள்! 2023 டிசம்பரில் மக்களவையில் தரப்பட்ட கணக்கு இது: ஐந்தாண்டுகளில் ஐ.ஐ.டி.களை விட்டு இடையிலே விலகிய பிற்பட்டோர் 2,066; தாழ்த்தப்பட்டோர் 1,068; பழங்குடியினர் 408. வேறு படிப்பு தேடிப் போனவர்களும் இதில் உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். இத்தனை பேர் ஏன் போனார்கள் என்று யாரேனும் உட்கார்ந்து கேட்டார்களா?

உத்தரப் பிரதேசத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். 17,500 ரூபாயைத் திரட்டிக் கட்டுவதற்குள் கெடு முடிந்தது, இடம் போயிற்று! உச்சநீதிமன்றம்வரை போய்த்தான் அந்த இடத்தை மீட்டான். இப்படிப் போகிற பிள்ளை புத்தகத்தை மட்டுமா சுமக்கிறான்? அப்பனின் கடனைச் சுமக்கிறான். தெருவின் வாழ்த்தைச் சுமக்கிறான். "இனி உனக்கென்ன குறை" என்ற சொல்லைச் சுமக்கிறான். ஒரு பாடத்தில் தவறினால், "அப்பா, முடியவில்லை" என்ற இரண்டு சொல்லை எப்படி வாய்விட்டுச் சொல்வான்? அந்த மௌனம்தான் தோழர்களே, ஆளை அரிக்கிறது.

"சுமையைக் குறைத்தால் தரம் கெட்டுவிடும்!" என்று கூவுவோர் உண்டு. டில்லி ஐ.ஐ.டி. 2023-இல் பருவத்துக்கு இரண்டாக இருந்த இடைத்தேர்வில் ஒன்றை நிறுத்தியது. அதனால் கட்டடம் சரிந்ததா, கல்வி கரைந்ததா? தரம் என்பது கண்ணீரின் அளவு அல்ல. பொறியாளன் தூக்கம் கெட்டுப் படித்தான் என்பதற்காகப் பாலம் உறுதியாக நிற்பதில்லை. அவன் பாடத்தைப் புரிந்து படித்தான் என்பதனால்தான் நிற்கிறது!

உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. நன்று! ஆனால் குழுக்கள் அறிக்கை எழுதும். அறிக்கை தானாக எழுந்து நடக்காது. ஆகவே நாம் கேட்கிறோம். முதலாண்டிலாவது பிள்ளையோடு பிள்ளையை ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதை நிறுத்துங்கள். தாய்மொழியில் படித்து வந்தவனுக்குத் தனியே பாடம் சொல்லித் தாருங்கள். அதை அவமானம் ஆக்காதீர்கள். கட்டணக் கெடுவுக்காக ஒரு கதவும் மூடப்படக் கூடாது. நம் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரிகள் இவை. நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை!

ஆட்சியாளர் செய்யவேண்டியது அது. நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. மகனோ மகளோ தொலைபேசியில் பேசினால், "எத்தனை மார்க்கு?" என்று தொடங்காதீர்கள். "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்று தொடங்குங்கள். குரல் கம்மியிருந்தால் அடுத்த வண்டியிலேயே புறப்படுங்கள். உதவிக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. அழைப்பதில் வெட்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லுங்கள்: "பட்டம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீ வா. வீடு திறந்தே இருக்கிறது."

கல்லூரிக்காகப் பிள்ளை இல்லை, பிள்ளைக்காகத்தான் கல்லூரி!