பெந்தெகொஸ்தேயும் வயலின் ஓரமும்



பெந்தெகொஸ்தே என்றவுடன் அக்கினிமயமான நாவுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஆவியானவர் இறங்கிய அந்நாள், இஸ்ரவேலர் கோதுமை அறுப்பின் முதற்பலனைக் கர்த்தருக்குப் படைத்த வாரங்களின் பண்டிகை நாளாகும். முதற்கதிர்க்கட்டு அசைவாட்டப்பட்டதிலிருந்து ஐம்பதாம் நாளில், புளித்த மாவினால் சுட்ட இரண்டு அப்பங்கள் வீடுகளிலிருந்து சந்நிதிக்குக் கொண்டுவரப்பட்டன.

லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் அப்பண்டிகையின் பிரமாணம் பலிகளோடு முடிவதில்லை. 22ஆம் வசனம் வயலுக்குத் திரும்புகிறது: ஓரத்தை வழித்தெடுக்கலாகாது, சிந்திய கதிரைத் திரட்டலாகாது, அவை எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியவை. மோவாபியப் பெண்ணாகிய ரூத் போவாசின் வயலில் பிழைத்தது இத்தகைய பிரமாணத்தினாலேயே. அன்று ஓரம் வழித்தெடுக்கப்பட்டிருந்தால் தாவீதின் வம்சவரலாறு எப்படியிருந்திருக்கும்!

பெந்தெகொஸ்தேயை அடுத்தே சித்தூர்ச் சீமையில் தோத்தாபுரி மாங்காய் அறுப்பும் வருகிறது. காய் பறிக்கிறவர்களும் மாங்கூழ் ஆலைகளில் உழைக்கிறவர்களும் அநேகமாய்ப் பருவகாலக் கூலிகள். 2025இல் விலை வீழ்ந்தபோது தோட்டக்காரரே கலங்கினார்கள்; கூலியாள் என்ன செய்வான்?

நமக்கு வயலில்லை, சம்பளம் உண்டு. அதற்கும் ஓரம் உண்டு. தசமபாகம் செலுத்திவிட்டேன் என்பது இதற்கு விடையன்று. அது வேறு கட்டளை. ஓரம் என்பது உண்டு மீந்ததுமல்ல, அறுக்குமுன்னே விட்டுவைத்தது. பிழைப்புத் தேடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்த நம்மில் அநேகர் ஒருகாலத்தில் பரதேசிகளாய் வாடகை வீடு கேட்டு நின்றவர்களே. இப்பண்டிகையில் மகிழவேண்டியவர்களை உபாகமம் 16ஆம் அதிகாரம் ஒவ்வொருவராகச் சொல்லுகிறது: குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை. சென்ற பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நம் சபையின் அன்பின் விருந்தில் இவர்களில் யார் யார் பந்தியமர்ந்தார்கள்?