பழைய செயலிக்கு எத்தனை ஆண்டு ஆயுள்?

சென்ற ஞாயிறு மாலை, திருகோணமலை உவர்மலையிலே நம் மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். துறைமுகத்திற் பணிபுரியும் தந்தையார் நம்மைக் கண்டதும் வழக்கொன்றை முன்வைத்தார்.

"மாஸ்ரர், இந்தக் கணினி இனி விளையாட்டுக்கு உதவாதாம், புதுசு வேணுமாம். படிப்புக்கு நல்லாத்தானே ஓடுது?"

2022ஆம் ஆண்டில் டொலரொன்று சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய நாள் முதலாக, இறக்குமதிப் பொருளின் விலையைக் கேட்கவே அஞ்சுவோர் நம்மூரிற் பலர். பையனுக்குப் புத்தி சொல்லும் எண்ணத்துடனேயே நாம் நாற்காலியில் அமர்ந்தோம் என்பதை ஒளியாமற் கூறிவிடுகிறோம்.

அக்கணினியின் செயலி, இன்டெல் நிறுவனம் 2011 ஜனவரியில் வெளியிட்ட கோர் ஐ5-2500. கோர் எனப்படும் கணிப்பு உறுப்புகள் அதில் 4 உள. இத்தகைய செயலிகள் நெடுங்காலம் நின்று பிடித்தமைக்குக் காரணம் உண்டு. பெரிய விளையாட்டுக்களை ஆக்குவோர், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளையும் மனத்திற் கொண்டே ஆக்குவர். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் 8 கோர்கள் இருந்தும் ஒவ்வொன்றும் மெலிந்ததே. மெலிந்தவனுக்கு அளந்து தைத்த சட்டை நம் பழைய கணினிக்கும் பொருந்திற்று. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இன் 8 கோர்களோ வலியவை. அன்று முதல் சட்டையின் அளவு மாறத் தொடங்கிற்று.

அன்றியும், 2013இல் இன்டெல் புகுத்திய ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதி இச்செயலியில் இல்லை. அதனை வேண்டும் புதிய விளையாட்டுக்கள் தொடங்கவே மறுக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இது இல்லை.

ஆயினும் குற்றம் செயலியினதா, கிராபிக்ஸ் அட்டையினதா என அறியாமல் தீர்ப்புக் கூறலாகாது. மாணவர்கள் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனையொன்று உண்டு. விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். ஓட்டம் சீரடைந்தால் தடை அட்டையிலே. மாற்றமில்லையேல் பெரும்பாலும் செயலியிலே. பையன் நண்பரோடு ஆடுவது 2023இல் வெளியான கவுன்டர்-ஸ்ட்ரைக் 2. துல்லியத்தைப் பாதியாக்கினோம், விக்கல் நிற்கவில்லை. நியாயம் பையன் பக்கமே இருந்தது. புத்தி சொல்ல வந்த நாம் பேசாமல் தேநீரை அருந்தினோம்.

எனினும் கணினி முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. அதே தாய்ப்பலகைகளுட் பல, மென்பொருளைச் சிறிது புதுப்பித்தால், 2012இன் ஐ7-3770ஐயும் ஏற்கும். அது 4 கோர்களைக் கொண்டே ஒருங்கே 8 பணிகளை நடத்தவல்லது. பிறர் பாவித்ததை வாங்கினாற் செலவும் சிறிது. ஏவிஎக்ஸ்2 மட்டும் அதிலும் கிடையாது. இவ்விடயத்தில் 2017இல் ஏஎம்டியின் ரைசன் வாங்கியோர் பாக்கியசாலிகள். 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டியும் அதே பொருத்துவாயிற் பொருந்திற்று. கடைக்காரரிடம் வேகத்தை வினவும் நம்மவர் பொருத்துவாயைப் பற்றி வினவுவது அரிது.

"சோதினை முடியட்டும், ஐ7 ஒண்டு தேடுவம்" என்றார் தந்தையார். பையன் மறுக்கவில்லை. நாம் விடைபெறும்போது, 2006இல் வெளியான கிரிக்கெட் 07ஐத் திறந்திருந்தான். அது விக்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது.