புகையில்லாத உணவகம் யாருடைய கோரிக்கை?



இடதுசாரிகள் நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் 'புகையில்லாத உணவகம்' என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் கொட்டாவி விடுவார். இன்னொருவர், "அது பப்ளிக் ஹெல்த்காரற்ற வேலை, எங்கட வேலை இல்லை" என்பார். மூன்றாமவர் ஏற்கெனவே வெளியில் சிகரட் பத்தப் போயிருப்பார்.

இருந்தாலும் கேட்கிறேன். எங்கட கூட்டு இந்த வருசம் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்கும் பார்ட்டி ஹோல்களுக்கும் ஊர்ச்சங்க விழாக்களுக்கும் போய் இதைப் பற்றிப் பேச வேண்டும். இதை நான் தொழிலாளர் கோரிக்கையாகத்தான் பார்க்கிறேன். கனடாவில் இந்தச் சட்டம் வந்த கதையும் அதைத்தான் சொல்கிறது.

ஹெதர் குரோ என்பவர் ஒட்டாவாவில் நாற்பது வருசத்துக்கு மேல் உணவகங்களில் பரிமாறும் வேலை செய்த பெண். வாழ்க்கையில் ஒரு சிகரட் பத்தாதவர். 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிய வந்தது. காலமெல்லாம் மற்றவர்கள் விட்ட புகையைச் சுவாசித்து வந்த வருத்தம் அது. அவர் ஒன்ராறியோவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சபைக்கு விண்ணப்பித்தார். சபை அதை வேலையால் வந்த நோய் என்று ஏற்று இழப்பீடு கொடுத்தது. அதோடு அவர் வீட்டில் படுத்துவிடவில்லை. கீமோ எடுத்த உடம்போடு நாடு முழுக்கப் போய், "இந்த வருத்தத்தில் சாகிற கடைசி ஆள் நானாக இருக்க வேண்டும்" என்ற பொருளில் பேசிக்கொண்டே இருந்தார். 2006 மே 22இல் இறந்தார். ஒன்பது நாள் கழித்து, மே 31இல், ஒன்ராறியோவின் புகையில்லாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் பின்னால் டொக்டர்மாரும் இருந்தார்கள், சுகாதார அமைப்புகளும் இருந்தன. ஆனால் மக்களின் மனதை மாற்றியது மேசை துடைத்த ஒரு பெண்ணின் நெஞ்சு எக்ஸ்ரே. இதை நாங்கள் மறக்கக் கூடாது.

இப்போது எங்கட கதைக்கு வருவோம். 83க்குப் பிறகு இந்த ஊருக்கு வந்த எங்கட அப்பாமார், மாமாமார், சித்தப்பாமாரில் எத்தனை பேர் முதல் வேலையாகக் கோப்பை கழுவினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அது புகை சூழ்ந்த காலம். ரொறன்ரோவில் உணவகங்களுக்கு 2001இலும் பார்களுக்கு 2004இலும்தான் நகரத் தடை வந்தது. அப்போதும் தனிப் புகையறை வைக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அந்த அறைக்குள்ளும் யாரோ ஒரு தொழிலாளி போய் கிளாஸ் எடுக்கத்தானே வேண்டும்? 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த அறைகளையும் மூடியது. குரோவிடம் இழப்பீடு கேட்டு வாதாட ஒரு வேலை வரலாறு இருந்தது. கையில் காசு வாங்கி, பெயர் பதியாமல் வேலை செய்த எங்கட ஆட்களிடம் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. அவர்களுக்கு வந்த இருமலை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

"அதெல்லாம் பழைய கதை, இப்ப சட்டம் இருக்குத்தானே" என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல சட்டம்தான். மூடிய வேலையிடங்களில் சிகரட், வேப், கஞ்சா எதுவும் பத்தக் கூடாது. 2015 முதல் உணவகத்தின் வெளி முற்றத்திலும் தடை. 2018 ஒக்டோபரில் அந்த முற்றத்தைச் சுற்றி 9 மீற்றரையும் சேர்த்தார்கள். பொதுமக்கள் போய் வருகிற கட்டட வாசலிலிருந்து 9 மீற்றருக்குள் பத்தக் கூடாது என்று ரொறன்ரோ நகரத்துக்குத் தனி விதியும் உண்டு.

ஆனால் சட்டம் பூட்டுப் போட்ட பிறகு என்ன நடக்கிறது? நான் படிக்கிற காலத்தில் ஒரு ரேக்-அவுட் கடையில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். பத்து மணிக்கு 'மூடியாச்சு' என்று பலகையைத் திருப்புவார்கள். அதற்குப் பிறகு முதலாளியின் கூட்டாளிமார் வந்து முன் மேசையில் இருந்து பத்துவார்கள். நாங்கள் குசினி கழுவி முடிக்கப் பன்னிரண்டு ஆகும். அவர்களுக்குக் கடை மூடியாகிவிட்டது. எங்களுக்கு வேலையிடம் திறந்துதான் கிடந்தது. என்னோடு நின்ற தமிழ்நாட்டு மாணவி ஒருத்திக்கு ஆஸ்துமா. "சொல்லேன்" என்றேன். "சொன்னா அடுத்த வாரம் ஷிப்ட் இருக்காதுக்கா" என்றாள்.

அங்கே இன்னொன்றையும் கவனித்தேன். சிகரட் பத்துகிறவர்களுக்குத்தான் ஓய்வு கிடைத்தது. "ஒரு தம் அடிச்சிட்டு வாறன்" என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். "கொஞ்சம் கால் நோகுது, இருந்திட்டு வாறன்" என்று சொன்னால் முகம் மாறும். அங்கே பழகிய பெடியன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "அக்கா, எனக்குப் புகை பிடிக்காது. ஆனா வெளியில போறதுக்கு அதைவிட வேற காரணம் இல்லை." பதினைந்து நிமிசம் மூச்சு விடுவதற்காக ஒருவன் சிகரட் பழகுகிறான்! ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல், அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டம். அதை எங்கட குசினிகளில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? ஆகவே 'புகையில்லாத உணவகம்' என்ற கோரிக்கை 'எல்லோருக்கும் ஓய்வு நேரம்' என்ற கோரிக்கையோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஓய்வைப் பற்றிப் பேசாமல் புகையை மட்டும் பேசினால், அந்தப் பெடியனிடமிருந்து நாங்களும் பதினைந்து நிமிசத்தைப் பறிக்கிறோம்.

எங்கட ஆட்களே எழுப்புகிற மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது: "இது தனிமனித சுதந்திரம். ஏழையின் ஒரே சந்தோசத்தையும் பறிக்கிறதோ?" புகைப்பது ஒருவரின் சொந்த விசயம்தான், அந்தப் புகை அவரோடு நிற்கும் வரைக்கும். அது நிற்பதில்லை. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரது 2006 அறிக்கை, பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை, காற்றோட்டம் வைத்தும் அதை முழுக்க நீக்க முடியாது என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில், பிறர் புகையால் வருசத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். வாடிக்கையாளர் புகை பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். கோப்பை கழுவுகிறவர் எங்கே போவார்?

இரண்டாவது: "சின்னத் தமிழ்க் கடைகள் நட்டப்படும்." இந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. வாடகை கட்ட முடியாமல் தவிக்கிற கடைகள் எனக்கும் தெரியும். ஆனால் இந்த விசயத்தில் பயம் பலிக்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இத்தகைய தடைகளால் உணவகத் தொழிலின் வருமானம் விழவில்லை என்றது. மலேசியாவைப் பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் தடை, திறந்தவெளி மாமாக் கடைகளிலும்தான். பத்த வேண்டுமென்றால் 3 மீற்றர் தள்ளிப் போக வேண்டும். தே தாரிக்கும் சிகரட்டும் பிரியாத கடைகள் அவை, எங்கட தமிழ் முஸ்லிம்களின் கடைகள் ஏராளம். அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குக்கூடப் போட்டார்கள், நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாமாக் கடையில் இன்றைக்கும் இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் நிற்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்குக் கனமானது: "நாங்கள் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு போறதோ? எங்கட சனத்துக்குத் தண்டம் அடிக்க வைக்கிறதோ?" முதல் தடவை பிடிபடுகிற தனிநபருக்கே 1,000 டொலர் வரை தண்டம் போகலாம், அது ஒரு கூலித் தொழிலாளிக்குப் பெரிய காசு. அதனால்தான் நான் முறைப்பாட்டைவிடப் பேச்சை முன்வைக்கிறேன். அதிகாரி வருவதற்கு முன்னால் நாங்கள் போக வேண்டும். ஆனால் ஒன்று: தொழிலாளி ஒருவர் முறையிட முடிவெடுத்தால், "எங்கட தமிழ் முதலாளியாச்சே, பாவம்" என்று அவரைத் தடுக்கிற வேலையை நாங்கள் செய்யக் கூடாது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னதற்காக ஒருவரை வேலையால் நிறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வரி கடதாசியிலிருந்து இறங்கி வர, பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாங்கள்.

இதில் எங்கட எதிரி யார் என்பதிலும் குழப்பம் வேண்டாம். பின் கதவடியில் நின்று பத்துகிற அண்ணை எதிரி இல்லை. அவரிடம் அந்தப் பழக்கத்தை விற்றுக் காசு பார்த்தவர்கள் வேறு. கனடிய உணவகத் தடைகளுக்கு எதிராகப் 'புகைப்பவர் உரிமை' பேசிய மைசொய்ஸ் அமைப்பு, புகையிலைக் கம்பனிகளின் சபை கொடுத்த காசில் நடந்தது. 2025 மார்ச்சில் மூன்று பெரிய கம்பனிகள் 3,250 கோடி டொலர் கட்டுகிற தீர்வை ஒன்ராறியோ நீதிமன்றம் அங்கீகரித்தது. அதில் பெரும் பங்கு மாகாண அரசுகளுக்கு. நோயாளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் அவர்கள் வருசக் கணக்காகப் புகைபிடித்தவர்களாக இருக்க வேண்டும். ஹெதர் குரோ இன்று உயிரோடு இருந்திருந்தால், அந்தக் காசில் அவருக்கு ஒரு சதமும் இல்லை. புகைக்காமல் புகை தின்ற தொழிலாளி அந்தக் கணக்கிலும் இல்லை.

எங்கட பக்கத்து வரலாற்றையும் மனதில் வைத்துப் பேசுவோம். யாழ்ப்பாணத்துப் புகையிலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றியதாகப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கட இடதுசாரி அரசியல் வளர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே யாழ்ப்பாணத்தில் அண்மைக் காலத்தில் சில ஊர்க் கடைக்காரர்கள் சிகரட் விற்பதைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். சுகாதாரப் பரிசோதகர்கள் கடை கடையாகப் போய்ப் பேசியதன் பலன் அது. பேசினால் நடக்கும்.

எப்படிப் பேசுவது? நான் நினைக்கிறது இதுதான்.

முதலில் குசினி, பிறகு கல்லாப்பெட்டி. வேலை செய்கிறவர்களிடம், கடைக்கு வெளியில், அவர்களுக்கு வசதியான நேரத்தில் பேசுவோம். எந்த நேரத்தில், யார், எங்கே பத்துகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

முதலாளியிடம் போகும்போது கையில் பலகையோடு போவோம். ஒட்ட வேண்டிய அறிவிப்பு, 9 மீற்றர் எங்கே முடிகிறது என்ற அளவு, தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். "மாமா, வாடிக்கையாளரோட நீங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை, பலகையைக் காட்டுங்கோ" என்றால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

கலியாணம், பூப்புனித நீராட்டு, பழைய மாணவர் ஒன்றுகூடல் நடக்கிற ஹோல் வாசல்களைப் பாருங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் புகைக்கூட்டத்துக்கு நடுவால்தான் உள்ளே போகிறார்கள். ஏற்பாட்டாளர்களிடம் சொல்லி, வாசலிலிருந்து தள்ளி ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்கலாம். காசு செலவில்லாத வேலை.

விட விரும்புகிறவருக்கு வழி காட்டுவோம், பிரசங்கம் வேண்டாம். 811க்கு அழைத்தால் விடுவதற்கான உதவி உண்டு. குடும்ப டொக்டர் இல்லாதவர்களும் மருந்துக்கடைக்குப் போகலாம். ஒன்ராறியோவில் புகைப்பதை விட உதவும் சில மருந்துகளை மருந்தாளரே எழுதித் தரலாம். எங்கட ஆட்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

நாலு பேர் சேர்ந்தால் ஒரு பிளாசாவை ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். அடுத்த முறை கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். குசினிக் கதவு திறக்கும்போது உள்ளே யார் நிற்கிறார், காலையிலிருந்து இருந்தாரா, என்ன காற்றைச் சுவாசிக்கிறார் என்று பாருங்கள். பெயரைக் கேளுங்கள். எங்கட வேலை அந்தக் கதையில்தான் தொடங்கும்.