சவுக்கு வெட்டும் கைக்கு ஆலையின் பொத்தான் ஏன் எட்டவில்லை?

கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் வளரும் சவுக்கு லாரி லாரியாகக் காகித ஆலைகளுக்குப் போகிறது. நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் அரைபடும் கரும்பின் சக்கையிலிருந்தும் காகிதக்கூழ் எடுக்கலாம். அந்தச் சவுக்கை வெட்டி, கிளை கழித்து, பட்டை உரிப்பது யார்? கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போய்க் கொட்டகையில் தங்குவது யார்? நம் காலனி மக்களும் இருளர் மக்களும்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் வடதமிழ்நாட்டில் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் நிற்கவில்லை.

இப்போது இதே வீடுகளின் பிள்ளைகளிடம் ஒரு புதிய வார்த்தை வந்திருக்கிறது: இணையவழிப் பயிற்சி. வீட்டிலிருந்தே படி, காகிதக்கூழ் ஆலையில் தொடக்கநிலை ஆபரேட்டர் ஆகலாம் என்கிறார்கள். நாம் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவு எந்த வழியில் வந்தாலும் வரட்டும். ஆனால் படித்து முடித்தவருக்கு ஆலைக்குள் ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்காமல் சான்றிதழை மட்டும் நீட்டுவது, சுவரில் கதவு வரைந்துவிட்டுத் திறந்துகொள் என்று சொல்வதற்குச் சமம்.

கூழ் ஆலையில் நடப்பது என்ன? மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில், டைஜெஸ்டர் என்னும் அழுத்தக் கலத்தில், ஏறத்தாழ 160, 170 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். நார் தனியாகப் பிரிகிறது. மிஞ்சும் கருப்புத் திரவத்தைச் சுண்டவைத்து, ரெக்கவரி பாய்லரில் எரித்து, ஆவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். ரசாயனத்தையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். நாரைக் கழுவி, வெளுத்து, காகித இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். இத்தனையையும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குபவர்தான் ஆபரேட்டர்.

திரையில் பார்க்கும் வேலை என்பதால் அதில் ஒரு பகுதியைத் திரையிலேயே கற்கலாம் என்பது உண்மை. எந்த வால்வு எதற்கு, எந்த அழுத்தம் ஆபத்து, எந்த ரசாயனம் எதோடு சேரக்கூடாது என்பதையெல்லாம் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆனால் ஷிப்ட் மாறும்போது என்ன சொல்லி ஒப்படைப்பது, பம்ப்பின் சத்தம் மாறினால் என்ன செய்வது, வாயு மணம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதெல்லாம் ஆலைக்குள்தான் வரும். கொதிகலனை இயக்கத் தகுதிச் சான்று வாங்கவேண்டும் என்றால் கொதிகலனில் வேலை செய்த அனுபவத்தைக் காட்டவேண்டும். வீட்டில் கொதிகலன் யாரிடம் இருக்கிறது?

தபால்வழிச் சான்றிதழ் என்றால் என்ன என்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1979இல் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத நம் வீடுகள் பலவற்றுக்கு முதல் பட்டத்தைத் தந்தது அதுதான். அதை மறுக்கமாட்டோம். ஆனால் 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, 2014-15க்குப் பிறகான அந்தப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தபோது தவித்தது யார்? அறிவிப்பு விட்டவர்களும் கட்டணம் வாங்கியவர்களும் அல்ல. சான்றிதழைக் கையில் வைத்திருந்தவர்கள்தான். தூரத்திலிருந்து வரும் படிப்பில் நட்டத்தை யார் சுமப்பது என்பதை முதலிலேயே கேட்கவேண்டும் என்று நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பெல்லாம் ஆலை ஆள் எடுத்தது; எடுத்தபின் தன் செலவில், தன் நேரத்தில், சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது. இப்போது, நீயே உன் செலவில் கற்றுக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்கிறது. பயிற்சிச் செலவு ஆலையின் கணக்கிலிருந்து நம் வீட்டுக் கணக்குக்கு மாறிவிட்டது. மாமா ஃபோர்மேனாக இருக்கும் பையனுக்கு இது சிரமமில்லை. அவனுக்குச் சான்றிதழ் கூடுதல் துணை. ஆலைக்குள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நம் பிள்ளைக்கு அது மட்டும்தான் துணை. கேட்டில் நிற்கும் கான்ட்ராக்டர் முதலில் கேட்பது சான்றிதழையா, "எந்த ஊர், எந்தத் தெரு" என்பதையா? உங்களுக்கே தெரியும்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1942இல் அண்ணல் அம்பேத்கர் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து வைஸ்ராயிடம் மனு கொடுத்தார். தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைப் பயிற்சியாளர்களாக எடுக்கவேண்டும் என்றும் கேட்டார். படிப்போடு பணிமனைக்குள் இடமும் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும் படிப்பின் கதவைத் திறப்பதோடு நிறுத்தவில்லை. சட்டமன்றம் வரை போய்ப் பேசினார்.

அம்பேத்கர் கேட்டதில் ஒரு பங்கு இன்று சட்டத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பிரிவு 3ஏ, அறிவிக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கவேண்டும் என்கிறது. இது தனியார் ஆலைக்கும் பொருந்தும். தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது என்று பேசுபவர்கள் இந்தப் பிரிவைப் படிக்கட்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆகவேண்டும். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை எடுக்கவேண்டும். அந்தக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடக்கம்.

ஓட்டை எங்கே இருக்கிறது? தகுதியானவர் கிடைக்கவில்லை என்றால் ஒதுக்கிய இடத்தைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று விதி இடம் தருகிறது. "ஆள் இல்லை" என்ற அந்தப் பழைய பல்லவிக்கு இணையப் பயிற்சியை நாம் பதிலாக வைக்கவேண்டும். இதோ இத்தனை பேர் படித்து முடித்திருக்கிறோம், இடத்தைக் காட்டு என்று கேட்கவேண்டும். நமக்கு அந்தப் பயிற்சியின் பயன் அதுதான்.

தமிழ்நாட்டில் இதை முதலில் செய்யவேண்டியது அரசு நிறுவனம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை மாநில அரசு 1979இல் தொடங்கியது. கரூர் மாவட்டம் புகளூர் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தி ஆரம்பித்தது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து உலகத்துக்குக் காட்டிய ஆலை அது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் இரண்டாவது ஆலையும் இருக்கிறது. மாநில அரசின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் நமக்கு 18, பழங்குடியினருக்கு 1. அது நிரந்தரப் பணிக்கு. கான்ட்ராக்டர் எடுக்கும் ஆளுக்கு இந்தச் சுழற்சிப் பட்டியல் எதுவும் கிடையாது. நிரந்தர இடம் சுருங்கி ஒப்பந்தம் பெருகும்போது, சட்டம் மாறாமலே நம் உரிமை சுருங்குகிறது.

ஒப்பந்த வேலை என்றால் என்ன என்பதை நெய்வேலி நமக்குக் காட்டியது. 2020இல் மே 7, ஜூலை 1 என இருமுறை அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே மே முதல் வாரத்தில் சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் காகித ஆலைத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன 7 பேர் நச்சுவாயு தாக்கி மருத்துவமனைக்குப் போனார்கள். கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு எச்சரிக்கை மணி இருக்கிறது. தொட்டிக்குள் இறங்குபவருக்கு என்ன இருக்கிறது? ஆலைக்குள் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது சம்பளத்தை மட்டும் முடிவுசெய்வதில்லை. உயிரையும் முடிவுசெய்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, அரசோ தாட்கோவோ நடத்தும் ஒவ்வொரு இணையப் பயிற்சியும் ஆலையில் உதவித்தொகையுடன் கூடிய பழகுநர் இடத்தோடு இணைக்கப்படவேண்டும். இரண்டு, ஆலைக்குள் ஏற்கெனவே சக்கை அள்ளும், தொட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளருக்கே முதல் இடம். வேலை நேரத்திலேயே, கூலி குறையாமல் பயிற்சி. மூன்று, எத்தனை பழகுநர், அதில் நாம் எத்தனை பேர், பிறகு வேலை பெற்றவர் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆண்டும் வெளியிடவேண்டும். நான்கு, பாதுகாப்புப் பாடம் தமிழில், கட்டணமின்றி, தொட்டிக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும்.

தோழர்களே, படியுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை எந்த ஆலை ஏற்கிறது? எழுத்தில் தருவீர்களா? ஆலைக்குள் எத்தனை நாள்? போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை? பதில் இல்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். அரசு ஆலை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். ஊருக்கு ஒருவர் எழுதுங்கள். வரும் பதில்களை ஒன்றாகச் சேர்த்துவைத்து, பழகுநர் இடங்களைக் கேட்டு ஆலை வாசலுக்குச் சேர்ந்தே போவோம்.

ஜெய் பீம்.