ரிம்மில் ஏறிவிட்டால் போதுமா?

பழைய பிக்கப் வாங்கியவருக்கு டயர் பற்றி யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. விற்றவர், பக்கத்து வீட்டுக்காரர், டயர்க் கடைக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே பல்லவிதான்: “ரிம்மில் ஏறிவிட்டால் போதும், காற்று நின்றால் போதும். அந்தக் காலத்து இரும்பு, ஒன்றும் ஆகாது. பட்டன் தேயவில்லை, இன்னும் பத்து வருஷம் ஓடும்.” அமெரிக்காவில் 1960, 70-களின் செவர்லே சி20, ஃபோர்டு எஃப்-250 போன்ற முக்கால் டன் வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் இந்தப் பேச்சை நம்பக் கூடாது. இதில் சில பகுதிகள் வெறும் தவறு. சில ஆளையே கொல்லும்.

ஆளைக் கொல்வது முதல் வாக்கியம். மேற்சொன்ன வண்டிகள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே 16.5 அங்குல ரிம் வந்தது. இன்று அந்த அளவில் டயர் அபூர்வம். ராணுவ ஹம்வீயிலிருந்து கழித்த டயர்கள் எங்காவது கிடைக்கும், அவ்வளவுதான். 16 அங்குல டயரோ எந்தக் கடையிலும் உண்டு. அரை அங்குலம்தானே என்று சோப்புத் தண்ணீர் தடவி நெம்பினால், ரிம்மின் நடுப்பள்ளம் இடம் கொடுப்பதால் டயர் ஏறியும் விடுகிறது. ஏறியதே தவிர, பொருந்தவில்லை. டயரின் உள்விளிம்பான பீடு உட்காரும் இடம் 16 ரிம்மில் 5 டிகிரி சாய்வு, 16.5 ரிம்மில் 15 டிகிரி. பீடுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி வளையம் நீளாது. காற்றடிப்பவர் பீடு உட்காரும் ‘டப்’ சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காற்று விடுகிறார். முள் 40 பிஎஸ்ஐயைத் தாண்டுகிறது. ஏன் உட்காரவில்லை என்று குனிந்து பார்க்கிறார். அந்த நேரத்தில் கம்பி ஓரிடத்தில் அறுந்தால், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் அந்த வழியாக அவர் முகத்திலும் மார்பிலும் பாயும்.

டயரிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறதே, படிக்காதவர் தப்பு என்பார்கள். 1998-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில் இந்த வாதமே எடுபடவில்லை. காயம்பட்டவர் தொழில்முறை மெக்கானிக். அவர் 16.5 ரிம்மில் மாட்டிய 16 அங்குல டயரில், வெடிப்பில் ஒரு மனிதன் தூக்கி எறியப்படும் படத்தோடு எச்சரிக்கை இருந்தது. அப்படியும் டயர் வெடித்துப் படுகாயமடைந்தார். பாதுகாப்பான வடிவமைப்பு சாத்தியம் என்றிருக்கும்போது எச்சரிக்கை மட்டும் போதாது என்றது நீதிமன்றம். தொழில் தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால், வீட்டு ஷெட்டில் கம்ப்ரஸர் வைத்துக்கொண்டு முயல்பவரைப் பற்றி என்ன சொல்ல? ரிம்மில் குத்தியிருக்கும் எண்ணைக் கம்பி பிரஷால் தேய்த்துப் படியுங்கள். பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரு சக்கரத்தைப் படித்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டெப்னியையும் பாருங்கள். 16.5 என்றிருந்தால் அந்த ரிம்மைக் கழித்துவிட்டு, அதே 165.1 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு போல்ட் கொண்ட 16 அங்குலச் சக்கரம் வாங்கலாம். பிரேக்கில் இடிக்காதா, ஹப்பில் சரியாக உட்காருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தக் காலத்து இரும்பு. கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கனமான வண்டிகள் பலவற்றில் சக்கரமே பல துண்டுகள். நம் ஊர் நெடுஞ்சாலை டயர்க் கடைகளில் லாரிச் சக்கரத்து லாக் ரிங்கைத் தட்டி உட்கார வைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். காற்றடிக்கும்போது ரிங் தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது கஷ்டம். பல துண்டு ரிம் எல்லாமே எமன் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வெளியே ரிங் தெரிகிற வகையில் துருப்பிடிக்காத, ஒன்றுக்கொன்று பொருத்தமான பாகங்கள் இருந்தால், பயிற்சி பெற்றவர் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கலாம். ஓஷா எனப்படும் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1980-ல் கொண்டுவந்த விதி கேட்பதும் அதைத்தான். ஃபயர்ஸ்டோன் ஆர்எச்5 டிகிரி ரிம்முக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதில் வெளி ரிங்கே இல்லை. இரண்டு பாதிகளும் டயருக்குள், நடுவில் பூட்டிக்கொள்கின்றன. பூட்டு துருவில் அரித்துப்போயிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. அதைப் பழைய இரும்புக் கடையில் போடுவது ஒன்றே வழி.

பட்டன் விஷயத்துக்கு வருவோம். பழைய பிக்கப் பெரும்பாலும் ஷெட்டில் நிற்பதால் பட்டன் தேய வாய்ப்பே இல்லை. ரப்பரோ நிற்கும்போதும் கெடும். ஓசோனிலிருந்து ரப்பரைக் காக்கும் மெழுகு, டயர் உருண்டு வளையும்போதுதான் நன்றாக மேலே கசியும். நின்றபடியே காய்ந்த டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும், நெடுஞ்சாலைச் சூட்டில் அடுக்கு பிரிந்துவிடும். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3216 என்றால் 2016-ன் 32-ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர், மேற்கொண்டு பேச்சே வேண்டாம். முழு எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதுவும் உள்பக்கமாக. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

“மூட்டை ஏற்றுவதில்லை, கார் டயரே போதும்” என்பதிலும் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. ‘பி’ என்று தொடங்கும் கார் டயரை பிக்கப்பில் போட்டால் அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுக்க வேண்டும். 920 கிலோ தாங்கும் பி235/75ஆர்15 டயர் பிக்கப்பில் 836 கிலோதான் தாங்கும். அரை டன் வண்டிக்கு இது போதலாம். முக்கால் டன் வண்டிக்கு ‘எல்டி’ டயரே வேண்டும். சக்கரத்துக்கும் தனிச் சுமை அளவு உண்டு. போல்ட் துளைகள் ஒத்துப்போவதால் காரின் சக்கரம் பிக்கப்புக்கு ஆகிவிடாது.

ரேடியல் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பதும் அரைகுறைப் பேச்சு. ட்யூப் காலத்து ரிம்களில், பீடு நழுவாமல் பிடிக்கும் மேடு இருக்காது. ரிவெட் அடித்தவை காற்றும் கசியும். அவற்றில் ட்யூப்லெஸ் மாட்டக் கூடாது. ட்யூப் போடுவதென்றால் ரேடியலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். முன்னால் ரேடியல், பின்னால் பழைய பயஸ் டயர் என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவும் மாற்றினால் அசல் அழகு போய்விடுமே என்று கேட்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. பழைய வண்டியை நேசிப்பவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் பழைய பயஸ் டயரின் தோற்றத்திலேயே ரேடியல்களும், அந்தக் கால வடிவத்திலேயே ஒற்றைத் துண்டு எஃகுச் சக்கரங்களும் இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். அவற்றை வாங்கி, சக்கரத்துக்குரிய வடிவ நட்டுகளைப் போட்டு, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். எண்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.